புகையில் நிற்காதவள்

கவிநிலா அப்பாவுக்கு,

மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். நெஞ்சுவலி இல்லை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று போனில், அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற நம் சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொன்னீர்கள். "உனக்குப் பதிலா சமைக்க வந்திருக்கிற அருணாதேவி புகையில நிக்க மாட்டேனு சொல்லிடுச்சி. மறுநாளே கேஸ் அடுப்பு வாங்கிட்டேன்" என்றீர்கள். சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? இல்லை என்றதும், "வருஷக்கணக்கா விறகுப் புகைய இழுத்தாலும் ரத்தக் குழாய் கெடும்மா" என்றார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பதினெட்டு வருஷமாக நானும்தான் கேஸ் கேட்டேன். "அடுத்த பௌர்ணமி வியாபாரம் முடியட்டும்டி" என்பீர்கள்.

அவளை நினைத்தால் வயிறு எரிகிறது. அவள் அழகுக்காக இல்லை. நான் கெஞ்சியும் நடக்காததை அவள் ஒரே வார்த்தையில் நடத்திக்கொண்டாள்.

அதற்காக அவளை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பாதையில் வேறு எந்தக் கடைக்குப் போனாலும் அவளுக்கு விறகடுப்புதான் கிடைக்கும். அவளே சமைக்கட்டும்.

பௌர்ணமிக்கு நான் வருகிறேன். இனிமேல் கல்லாவில் உட்காரப்போவது நான். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சமையல்காரி