பெயர் நெய்யாத அங்கி

நிலவின் இரவு, மூன்றாம் நாள். விளக்கணைத்த பிறகு.

இங்கே ஓர் இரவு முடிய பூமியில் இரண்டு வாரம் ஆகும். நெசவுக்கூடத்தில் காற்றழுத்தம் சரி. குளிர் அதிகம். தறிகளை நிறுத்திவிட்டார்கள், நாளை அங்கி நாள். வருடத்துக்கு ஒருமுறை பழைய அங்கியைக் கொடுத்துவிட்டுப் புதியதை உடுத்துவோம், முதலில் நெசவுக்கூடம், மற்றவர்கள் பிறகு. அங்கியின் கைகளில் ஒரு பட்டி. வெள்ளி இழையால் 'உடுத்துபவருக்கு நலம் உண்டாகட்டும்' என்ற வாழ்த்து, அதன் பின் எங்களை ஆளும் அமீரின் பெயர். பட்டியைப் பார்த்துத்தான் கதவுகள் திறக்கும்.

ஆயிரம் வருடத்துக்கு முன் பாக்தாதிலும் எகிப்திலும் கலீஃபாக்கள் இப்படித்தான் தங்கள் பெயரைத் துணியில் நெய்ய வைத்தார்களாம். திராஸ் என்பார்கள். பட்டியில் பெயரை விட்டுவிட்டால் அது கலகம். பள்ளியில் படித்தேன். அதையே என் அக்கா செய்திருக்கிறாள். ரம்லா லாத்தாதான் இங்கே தலைமை நெசவாளி. புதிய அங்கிகளில் வாழ்த்து மட்டும் இருக்கிறது.

"கதவு வெள்ளி இழையத்தானே பாக்குது. எழுத்து வாசிக்க அது ஓதப்பள்ளிக்கா போச்சு?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வைக்குள் வைத்து இதை எழுதுகிறேன்.

நான்காம் நாள். எல்லோரும் படுத்த பின்.

கதவு எழுத்தை வாசிக்கிறது.

பழைய அங்கிகளை அரைக்கும் பொறியில் போட்ட பிறகுதான் அது தெரிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மாறி மாறிக் கையை நீட்டிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் அமீர்:

"என் பெயர் இல்லாத கைக்கு என் கதவு இல்லை. நெய்தது யாரென்று சொல்லுங்கள். அதுவரை உங்களுக்குப் பாதிக் காற்று."

சாயத் தொட்டி குல்சும் மாமி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, "மீதிப் பாதிய வெச்சு உன்னைத் திட்டிக்கிட்டே இருப்பேன், போடா" என்றாள். கூடமே சிரித்தது. சிரித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

ஐந்தாம் நாள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு மட்டும். என் பழைய அங்கியை நான் பொறியில் போடவில்லை. குளிருக்காகப் புதியதன் உள்ளே உடுத்தியிருக்கிறேன். நேற்று நான் மட்டும் கையை நீட்டவில்லை. என் கைக்குக் கதவு திறக்கும்.

சொல்லப் பயம். சொன்னால் உதவிக்காக என்னைக் கதவுக்கு வெளியே அனுப்புவார்கள். நெய்தது யாரென்று அமீர் கேட்பார். எனக்குப் பொய் வராது. கலகம் செய்தவரைக் கவசம் இல்லாமல் நிலவின் தரையில் நிறுத்துவார்கள்.

மாமி இன்று யாரையும் திட்டவில்லை. உதடு நீலமாக இருக்கிறது.

ஆறாம் நாள்.

லாத்தாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அடி கள்ளி! இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சிய மறைச்சிக்கிட்டுத் திரியுற?"

அங்கியை அவள் போட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. கூடத்தில் எல்லோரிலும் சின்னவள் நான். வெட்டினால் இழை அறுந்து பெயர் செத்துவிடும். கதவோ ஒரு பெயருக்கு ஒருவரைத்தான் விடும். நான்தான் போக வேண்டும். நடைவழியின் முடிவில், எல்லா இடத்துக்கும் காற்று அனுப்பும் காற்றுச் சாலை. அங்கே கையால் திருப்பும் சக்கரங்கள் இருக்கின்றன. திருப்பிவிட்டால் அமீரின் பொத்தான் செல்லாது.

"திருப்பிட்டு ஓடியாந்துரு. அந்தாளு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத, என் தங்கம்."

அதே இரவு. காற்றுச் சாலை.

இரண்டு கதவும் திறந்தன. நெசவுக்கூடச் சக்கரத்தில் தொங்கித்தான் திருப்ப முடிந்தது. குழாய் வழியே மாமியின் இருமல் கேட்டது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அழுதுவிட்டேன்.

ஒலிபெருக்கி: "ராஹிலா. உன்னைப் பார்க்கிறேன், மகளே. நெய்தது யார்? சொன்னால் வீட்டுக்குப் போகலாம்."

கைப்பட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"சரி. இனி என் பெயருக்கும் எந்தக் கதவும் திறக்காது. அங்கேயே இரு."

கதவின் பச்சை விளக்கு அணைந்தது. கையை நீட்டினேன். மறு கையையும் நீட்டினேன்.

பிறகு. நேரம் தெரியவில்லை.

அமீரின் அங்கியிலும் அதே பெயர்தானே, அவர் கதவும் திறக்கவில்லை.

ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். எல்லாம் கேட்கிறது. முதலில் காவலர்களை அதட்டினார். அவர்களும் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பெயரைத் திரும்பச் சேர்க்கும் பொறி அடுத்த அறையில் இருக்கிறதாம். அந்தக் கதவும் பெயர் கேட்கிறது. நாற்காலியால் அதை இடிக்கிறார்.

"மகளே, இருக்கியா? யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டேன். அங்க என் சக்கரத்த மட்டும் தொட்டுடாத."

அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது சக்கரம். 'அமீர் மாளிகை' என்று எழுதியிருக்கிறது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். லேசாகத் திரும்புகிறது.

மாளிகைக்குப் போன காற்று எங்கள் குழாய்க்குத் திரும்பி இரைச்சல் கூடியது. அது லாத்தாவுக்கும் கேட்டிருக்கிறது. "ராஹிலா! என்ன செய்யுற? வேணாம், கைய எடு!"

எடுக்கத்தான் நினைக்கிறேன். ஒரு கையால் எழுதுகிறேன், மறு கை இன்னும் சக்கரத்தில் இருக்கிறது. அவர் இடிப்பதை நிறுத்திவிட்டார். என் பெயரை மெதுவாக, திரும்பத் திரும்ப, மூச்சு