சுகந்தியை யார் உட்கார வைத்தது

1998 ஜூன் 9, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. தெரணியகலை பஸ் இல்லை. பள்ளிக்கு நடை. குடைக்கம்பி மறுபடியும் முறிவு. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

மாலை சுகந்தி வந்து சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, மாகாணப் போட்டியில நான் ஆடல. நட்டுவாங்கம் பண்றேன்."

அதாவது மற்றப் பிள்ளைகள் பட்டு உடுத்தி ஆடுவார்கள். இவள் மேடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, கைத்தாளம் தட்டி ஜதி சொல்ல வேண்டும். டீச்சர் மேடையில் உட்காரக் கூடாதாம், விதி. நாலு வருடமாகப் பரதம் படிக்கிற பிள்ளை! நடுவில் நிற்கப்போவது எங்கள் பள்ளி அதிபரின் அண்ணன் மகள்.

எதிர்பார்த்ததுதான். அதிபர் என்னைவிட இளையவர், படிப்பிலும் குறைவு. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. இப்போது பிள்ளையிடமும் ஆரம்பம்.

ஜூன் 10, புதன்
இடைவேளையில் வத்சலா டீச்சரைப் பிடித்தேன். நடன டீச்சர். மட்டக்களப்பு. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"என் பிள்ளை ஆட்டத்தில என்னங்க டீச்சர் குறை?"

"ஒரு குறையும் இல்ல சேர். ஆடுறதுக்கு ஆள் இரிக்கு. தாளத்துக்குத்தான் ஆள் இல்ல. அது அவட ரத்தத்திலேயே இரிக்கு."

ரத்தத்தில். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா தப்புப் பறை அடித்தவர். சாவுக்கும் அவர்தான், காமன் கூத்துக்கும் அவர்தான். கூத்தில் எல்லாரும் அவர் அடிக்குத்தான் ஆடுவார்கள். முடிந்ததும் அவருக்குச் சோறு வாசலுக்கு வெளியே. அந்த வாசலைத் தாண்டத்தான் படித்தேன், பட்டம் எடுத்தேன், இடமாற்றம் வாங்கி இங்கே வந்தேன். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தப்புக்காரன் பேத்தி ஓரமாக உட்கார்ந்து தட்டட்டும் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

தெரிந்தவர் இங்கே ஒருவர்தான். காசிம் நானா.

ஜூன் 12, வெள்ளி
மழை விட்டது. நானா கடை. முன்பு ருவான்வெல்லையில் கடை வைத்திருந்தவர்.

"டீச்சர் இங்க வர்றதுண்டா நானா?"

"ரிப்பன் வாங்க வருவா. ஏன் மாஸ்டர்?"

"எங்க வீட்டைப் பத்தி ஏதும் கேட்டாங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்கட வாப்பாட கதையா? இத்தன வருஷம் தொறக்காத வாய, ரிப்பன் விக்கவா தொறக்கப்போறேன்? அந்த மனிசன் அடிச்சா பஜார் வரைக்கும் கேக்கும். நீங்க என்னத்துக்கு வெக்கப்படுறீங்க?"

கடையில் வேறொரு ஆளும் நின்றான். நானா மெல்லப் பேசத் தெரியாத மனிதர். மண்ணெண்ணெய் மறந்தாயிற்று.

டீச்சர் தங்கியிருக்கும் போடிங் வீட்டில் அவளுடைய பொலிஸ் பதிவு ஒழுங்காக இருக்கிறதா? கிழக்கிலிருந்து வந்தவள். இந்த யுத்தக் காலத்தில் பொலிஸ் காதில் ஒரு வார்த்தை போதும்.

(மேலே உள்ளதை அடித்துவிட வேண்டும்.)

ஜூன் 14, ஞாயிறு
பருப்பில் உப்பு இல்லை. சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன்: ஆடுவதென்றால் போ, தட்டுவதென்றால் வீட்டில் இரு.

"ஏங்க, பிள்ளைகிட்ட ஏன் இப்படி?" மனைவி.

சுகந்தி அழவில்லை. "டீச்சர் யாருகிட்டயும் விசாரிக்கலப்பா. நான்தான் சொன்னேன், தாத்தா தப்பு அடிச்சவருன்னு."

"உனக்கு யார் சொன்னது?"

மனைவி பாத்திரம் கழுவ எழுந்து போனாள். ஆக, எதிரி வெளியே இல்லை.

"எப்படித் தாளம் தப்பாம பிடிக்கிறேன்னு எல்லாரும் கேட்டாங்க. சொன்னேன். அதுல என்னாப்பா?"

எல்லாருமா? அதிபரின் அண்ணன் மகளும் இருந்திருப்பாள். இன்றைக்கு அதிபர் வீட்டில் இதுதான் பேச்சு.

"நான் தட்டலன்னா ஒருத்திக்கும் காலு எழும்பாதுப்பா," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பாதிச் சோறு அப்படியே.

ஜூன் 16, செவ்வாய்
தூறல். அதிபர் என் வகுப்புக்கே வந்தார். இதற்கு முன் வந்ததில்லை.

"மாஸ்டர், ஒங்க மக வரலன்னா நாங்க போறதுல அர்த்தமே இல்லீங்க."

"ஒங்க அண்ணன் மகள உட்கார வைக்கிறதுதானே."

"வச்சுப் பாத்தோம். கள்ளன் தொரத்துற மாதிரி தாளத்துல ஓடுறா. ஆடுற புள்ளைங்க எல்லாம் பின்னாலயே ஓடுது. நேத்து ரெண்டு பேரு மோதிக்கிட்டாங்க."

கெஞ்சுகிறாரா, வேவு பார்க்கிறாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுதான் அதிகச் சந்தேகம்.

சுகந்தி போட்டிக்குப் போகட்டும் என்றேன். அவர் கெஞ்சி இன்னொரு தடவை கேட்கக் கிடைக்காது.

ஜூன் 20, சனி
இரத்தினபுரி. புழுக்கம். மண்டபத்தில் கடைசி வரிசை. யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வசதி.

சுகந்திக்கும் பட்டுச்சேலை. யார் கொடுத்தது? உட்கார்ந்து, கைத்தாளத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அப்பா தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்ததும் அப்படித்தான் செய்வார். இதையும் மனைவி சொல்லியிருப்பாளா? டீச்சர் பழக்கமாகவும் இருக்கலாம்.

"தா தெய் தெய் தா." அவள் குரல் எழும்பிய பிறகுதான் பிள்ளைகளுக்குக் கால் எழும்பியது. நிறுத்தினாள், நின்றார்கள். அதிபரின் அண்ணன் மகளும். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அதிபர் குனிந்தார். "மாஸ்டர், ஒங்க கையும் நல்லாத்தான் விழுது. எங்க படிச்சீங்க?"

பார்த்தால், என் விரல்கள் குடைப்பிடியில் தட்டிக்கொண்டிருக்கின்றன. தெரிந்து கேட்டாரா, தெரியாமலா? கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

உள்ளேயும் அது நிற்கவில்லை.