மணியில் ஏறிவிட்டது

மார்கழி, செவ்வாய், இரவு

தொட்டியில் நின்ற நெற்பயிரை, “ஏமாத்துக்காரப் பயலே” என்று திட்டினேன். பின்னால் நின்ற வாட்ச்மேன் கேட்டுவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி முழுக்க இந்த நெல்தான். ஆலைக் கழிவு கலந்த மண்ணிலும் அது வளர வேண்டும். விஷ உலோகத்தை வேரிலேயே பூட்டி வைக்க வேண்டும். செய்யூரிலிருந்து வாங்கி வந்த விதைதான் போட்டிருந்தோம். பச்சைப்பசேலென்று இடுப்புயரம் வளர்ந்தது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், “இன்னாம்மா, உன் மாப்ளைங்க ஜம்முனு கீறாங்க” என்பேன். சிரிப்பார்.

முன்பே மாதிரிக்கு எடுத்த அரிசியைச் சோதித்த முடிவு இன்று வந்தது.

“விஷம் வேர்ல நிக்கலியாம்மா?”

“நிக்கல தனம். நான் ஒரு கதவப் பூட்டினேன். அது வேற கதவு வழியா நெல்மணிக்கு ஏறிடுச்சி.”

“வுடும்மா, அடுத்த போகம் பாத்துக்கலாம்.”

“அடுத்த போகத்துக்கு நான் ஏது? இந்த மாசத்தோட ரிட்டயர்டு.”

 அரிவாளை எடுத்து, தொட்டியில் நின்ற பயிரையெல்லாம் அறுக்க ஆரம்பித்தோம்.

அறுத்ததும் முதல் கதிரை வாசலில் கட்டுவது எங்கள் வழக்கம். கை நீட்டினேன். “வேணாம் தனம், குருவி தின்னுடும்” என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. பார்க்க அத்தனை அழகான கதிர். குருவிக்குக்கூட ஆகாது.

எரிக்க அனுப்புவதற்காக நெல் முழுவதையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயை மெஷினில் சூடு வைத்து ஒட்டினோம்.  இத்தனை வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே ஒட்டினேன். கடைசிப் பையோடு என் முந்தானையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டிவிட்டார். ஒரு சாண் புடவை நெல்லோடு போகிறது.