வலப்பக்கம் பார்க்கும் கொக்கு

மார்ச் 3

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுத்துதான் எனக்கு வராது. ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியவன். எந்த வீட்டில், எந்த மூலையில் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

தபால்காரருக்கு இன்று ஆறாவது தடவை போன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், விறைப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை.

என்னிடம் விக்டோரியா ராணி காலத்துப் பூச்சாடிகள் பதினேழு இருக்கின்றன. அதில் ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடு. நீண்ட கழுத்து, கண்ணாடி போல வழிந்து உறைந்த பச்சைப் பூச்சு, வயிற்றில் இடப்பக்கம் பார்க்கும் ஒரு கொக்கு. இந்த மாதிரிச் சாடிகளை ஜோடியாகத்தான் செய்வார்கள். ஒரு கொக்கு இடம் பார்த்தால் மற்றது வலம் பார்க்கும். அந்த மற்றது தபால்காரரிடம் இருக்கிறது. டாக்டரம்மா வீட்டைக் காலி செய்தபோது வாங்கிக்கொண்டார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதே வீட்டில் சாமான் இறக்கும்போது நான் அதைப் பார்த்திருக்கிறேன்: வலம் பார்க்கும் கொக்கு, விளிம்பில் அரைநிலா உடைசல்.

"என் கொக்கும் இடப்பக்கந்தாங்க பாக்குது. எத்தன தடவ சொல்றது?" என்கிறார்.

பொய். ஜோடி என்று ஒத்துக்கொண்டால் நான் கேட்டுவிடுவேன் என்ற பயம்.

மார்ச் 4

"அம்பது வருஷமா உங்க ஜோடி இங்க நிக்குது. அதத் திரும்பிப் பாக்க ஆளில்ல." மனைவி. இதையும் எழுத வேண்டுமா? மருமகள் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

மார்ச் 9

தபால்காரர் என் மருமகள் போனுக்குப் படம் அனுப்பினார். கொக்கு இடம் பார்க்கிறதாம். போன் படத்தை யார் நம்புவது? போன மாதம் மகன் என்னைப் பக்கத்தில் நிறுத்திக் கையை நீட்டிப் படம் எடுத்தானே, அதில் என் சட்டைப்பை வலப்பக்கம் இருந்தது! அவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் பொய்யனா?"

"படம் பொய்ங்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா!" பட்டென்று வைத்துவிட்டார்.

மார்ச் 16

கண் டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்தார். இந்த வருஷம் தாங்கும், அடுத்த வருஷம் சொல்ல முடியாது என்றார். இரண்டு கொக்கும் ஒரே பலகையில் எதிரெதிரே நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் எனக்கு. அந்த மனுஷனுக்கு இது புரிகிறதா?

மார்ச் 17

இல்லை. புரியவில்லை.

மார்ச் 22

சாடியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். "புள்ளையக் கூட இப்படித் தூக்கினதில்ல" என்று மனைவி வாசல் வரை வந்து சொன்னாள்.

தபால்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் முழுதாகத் திறந்தார். அவருடையதைக் கொண்டுவந்து என் சாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் இடம் பார்த்தன.

வேறு சாடியைக் காட்டி ஏமாற்றுகிறாரோ என்று எடுத்துத் தடவினேன். கொக்கின் மூக்குக்கு நேர் மேலே, சாடி விளிம்பில், அதே அரைநிலா உடைசல். டாக்டரம்மா வீட்டுச் சாடியேதான். ஆனால் நான் பார்த்த உடைசல் வலப்பக்கம் அல்லவா இருந்தது? கொக்கும் உடைசலும் சேர்ந்தே பக்கம் மாறுமா?

நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாளை முதலிலிருந்து ஓட்டினேன். மாடிப்படி. ஈரச் சாக்கு. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ. பின்பக்கத்தைக் கூட்டாளி பிடித்தான், கண்ணாடிப் பக்கம் நான், முகம் அதில் ஒட்டுகிற மாதிரி. சாடி இருந்த பலகை என் முதுகுக்குப் பின்னால்.

முதுகுக்குக் கண் ஏது? கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். நாற்பத்தொரு வருஷம் ஒரு பிம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நேரில் பார்க்கிற மனுஷனைப் பொய்யன் என்றிருக்கிறேன். என்ன பிறவி நான்!

சொன்னேன். பீரோக் கண்ணாடி, என் தப்பு, எல்லாவற்றையும்.

தபால்காரர் இரண்டு சாடியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "டீ குடிக்கிறீங்களா? இல்ல, அதையும் கண்ணாடில காட்டணுமா?" என்றார்.

மார்ச் 23

மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஏப்ரல் 11

பழைய சாமான் கடைக்காரர் போன் செய்தார். பச்சைச் சாடி வந்திருக்கிறது, கொக்கு, வலப்பக்கம் பார்க்கிறது, உடனே வந்தால் நல்லது என்றார். செருப்பை மாட்டினேன். கழற்றினேன். மருமகளிடம் தபால்காரருக்குப் போன் போடச் சொன்னேன்.

"நீங்க போய்ப் பாருங்க" என்றேன்.

"நீங்க வரலியா?"

"நீங்க பாத்துச் சொன்னாப் போதும்."