இந்த ஏரியில் கலங்கல் இல்லை

கிழக்குத் தாம்பரம்,
18.9.1994

அன்புள்ள ஜீவரத்தினத்துக்கு,

அத்தான் சத்தியநாதன் எழுதுவது. நானும் உன் அக்கா பியூலாவும் இங்கே சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை, மற்றபடி சுகம். பஹ்ரைனில் உன் சுகத்துக்காக அவள் தினமும் ஜெபிக்கிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளில் என் பெயருக்கு நீ எழுதிய முதல் கடிதம். அக்காளுக்கு எழுதுபவற்றில் அத்தானை விசாரித்து ஒரு வரிகூட இருந்ததில்லை. உன் அண்ணன் எலியேசரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவன் என்னைத் தாண்டிப் போனாய். நான் மறக்கவில்லை. இப்போது மீன் வளர்ப்பில் பணம் போடலாமா என்று கேட்க மட்டும் விலங்கியல் வாத்தியார் தேவைப்படுகிறார். இருக்கட்டும். கேட்டாய், சொல்கிறேன்.

உன்னைக் கூட்டுச் சேரச் சொல்லும் அரிகிருஷ்ணனின் விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். வழவழப்பான தாள், நல்ல படங்கள். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே ஓர் ஏரியைக் குத்தகை எடுத்து, கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டு, பத்து மாதத்தில் பிடித்து விற்பதாகத் திட்டம். அதன்படி ஒரு குஞ்சுகூடச் சாகாது. ஏரியிலே ஏற்கெனவே இருக்கும் விரால் சும்மா இருக்குமா? விட்டதில் பாதி தேறினால் பாக்கியம். ஏரித் தண்ணீர் முதலில் வயலுக்கு. மதகைத் திறந்த விவசாயி உன் மீனுக்காக மூடமாட்டான். சித்திரையில் முழங்கால் அளவுத் தண்ணீர் கொதிக்கும், மீன் வாயைப் பிளந்துகொண்டு மிதக்கும். ஏரியின் மேல்புறத்தில் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். அந்த வீடுகளின் சாக்கடை எங்கே வரும் என்று புத்தகத்தில் இல்லை. இத்தனைக்கும் குத்தகை ஓராண்டுக்குத்தான். நீ செலவழித்துச் சீர்செய்த ஏரியை அடுத்த ஏலத்தில் வேறொருவன் எடுப்பான்.

இவையெல்லாம் தாங்கக்கூடிய ஆபத்துகள். பணம் போகும், அவ்வளவுதான். கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. “ஏரியில் கலங்கல் மட்டும் கொஞ்சம் மோசமாம் அத்தான், சுண்ணாம்பு போட்டால் தெளிந்துவிடும்தானே?” என்று கேட்டிருக்கிறாய்.

ஜீவரத்தினம், நாம் திருநெல்வேலிக்காரர்கள். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டை நாம் மறுகால் என்போம். இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் கலங்கல் என்று பெயர். தண்ணீர் கலங்கியிருப்பதாக யாரும் உனக்குச் சொல்லவில்லை. அந்தக் கல்கட்டு உடைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

1985 ஆகஸ்டில், இப்போது உனக்குச் சொல்லப்படும் ஏரிக்கு இரண்டு ஏரி தள்ளி எலியேசர் குத்தகை எடுக்க இருந்தான். தண்ணீரைப் பார்த்து எழுதித் தரும்படி என்னைக் கேட்டான். அந்த மாதம்தான் கல்லூரியில் எனக்கு ஏழு ஆண்டு இளையவனைத் துறைத் தலைவராக்கியிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எலியேசர், “அத்தானுக்குத் தெரிஞ்ச மீனெல்லாம் பார்மலின் பாட்டில்லதானே நீந்தும்!” என்றான். உன் அக்காளும் சிரித்தாள். நான் யாரென்று காட்டுகிறேன் என்ற கோபத்தில் ரயில் ஏறினேன்.

அங்கே தசரதன் என்று ஒருவர். அப்பா காலத்திலிருந்து அந்த ஏரியில் வலை போடுகிறவர், எலியேசர் காவலுக்கு முன்கூட்டியே பேசி வைத்திருந்த ஆள். கரை நெடுக என் பின்னாலேயே வந்தார். “சார், கலங்கலப் பாத்துக்கோ சார். ஐப்பசி மழைக்கு முன்னாடி பாத்துக்கோ. அப்பால பேஜாராப் பூடும்” என்று நாலைந்து தரம் சொன்னார். நான் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கயிற்றில் வெள்ளைத் தட்டைக் கட்டி இறக்கினேன். நான்கு அடிக்குக் கீழும் தட்டு தெரிந்தது. வீட்டுக்கு வந்து எழுதினேன்: “காவல்காரன் கலங்கல், கலங்கல் என்று பயமுறுத்துகிறான். நான் முறைப்படி சோதித்துவிட்டேன். இந்த ஏரியில் கலங்கல் இல்லை.” கடைசி வாக்கியத்துக்குப் பென்சிலால் அடிக்கோடும் போட்டேன். எலியேசரும் நம் ஊர்க்காரன். நான் புரிந்துகொண்டபடியே அவனும் புரிந்துகொண்டான். தசரதன் அவனிடம் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் என் கடிதத்தைக் காட்டி வாயை அடைத்திருக்கிறான்.

நவம்பரில் ஏரி நிரம்பி வழிந்தது. கலங்கலில் மூங்கில் தட்டி கட்டியிருந்தால் மீன் நின்றிருக்கும். கட்டவில்லை. மீனெல்லாம் வெள்ளத்தோடு போகிறது என்று ஆள் வந்து சொன்னதும் எலியேசர் காலை ரயிலில் ஓடினான். வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பாசி பிடித்த கல்லில், வழியும் தண்ணீரில் இறங்கினான். மீதி உனக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். உடலைக் கரையில் போட்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு பெண், “கலங்கல்லதாம்மா இஸ்துகினு பூட்ச்சு” என்று அந்தக் கல்கட்டைக் கை காட்டினாள். அந்த நிமிடம்தான் எனக்கு அந்தச் சொல் புரிந்தது. அதற்குப் பிறகுதான் விசாரிக்க வந்த போலீஸ்காரர், யாராவது எச்சரித்தார்களா என்று என்னைக் கேட்டார். யாரும் எச்சரிக்கவில்லை என்றேன். தசரதனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகு எந்தக் குத்தகைக்காரரும் அவரைச் சேர்க்கவில்லை. எலியேசரின் சட்டைப் பையிலிருந்த என் கடிதத்தை எடுத்துவந்து எரித்தேன். மையெல்லாம் கரைந்து, அடிக்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. உன் அக்காளிடம், “பேராசைதான் உன் தம்பியைக் கொன்றது” என்றேன். நம்பினாள். இன்றைக்கும் அவனை நினைத்து அழும்போது “இப்படியா ஆசைப்படுவான்” என்று சொல்லித்தான் அழுகிறாள்.

நாங்கள் ஊருக்குப் போகும்போது தாம்பரம் தாண்டியதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். உன் அக்கா, ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தில் எலியேசர் நிற்பான். சட்டையெல்லாம் சொட்டும். கோபப்பட்டாலும் பரவாயில்லை. கோபமே இல்லாமல் வலையின் மறுமுனையை ஜன்னல் பக்கம் நீட்டுவான், பிடிங்க அத்தான் என்பதுபோல. ரயில் அங்கே நிற்பதுகூட இல்லை.

உன் கடிதம் வந்த பிறகு, போன சனிக்கிழமை, அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். டீக்கடையில் தசரதன் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “இன்னா சார், பாட்டிலு எங்க? தண்ணி மோந்துக்கினு போவ வர்ல?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் புது ஏரியைப் பற்றிக் கேட்டேன். “அந்தக் கலங்கலு பொளந்துகினு கீது. ஒரு மழ தாங்காது. மீனு போனா போவுது. எவன் எறங்கப் போறான், அத்தச் சொல்லு” என்றார். செத்துப்போனவரின் தம்பி என்றேன். டீயைக் கீழே வைத்தார். “அப்ப இந்தத் தபா நீயே சொல்லிடு சார். என்னாண்ட வுடாத” என்றார்.

அதனால் சொல்கிறேன். அரிகிருஷ்ணனுக்குக் கையெழுத்துப் போடாதே. முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும், திருப்பிக் கேட்டு அலையாதே. லீவில் வந்து ஏரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கால் வைக்காதே. என் மேல் உள்ள கோபத்தில் இதற்கு மாறாகச் செய்துவிடாதே. நானும் ஒரு கோபத்தில்தான் அன்றைக்கு ரயில் ஏறினேன்.

இந்த வீட்டிலிருந்து யாருக்குக் கடிதம் போனாலும், கடைசியில் உன் அக்கா இரண்டு வரி எழுத இடம் விடுவது வழக்கம். இதிலும் விட்டிருக்கிறேன். அவள் கோவிலிலிருந்து வந்ததும், ஒட்டாமல், அப்படியே அவள் கையில் படிக்கக் கொடுக்கப் போகிறேன். கீழே அவள் கையெழுத்தில் ஏதாவது இருந்தால், எவ்வளவு கடுமையாக இருந்தாலும், என்னை நினைத்துக் கவலைப்படாதே. இடம் காலியாக வந்து சேர்ந்தால், லீவுக்குக் காத்திராமல் புறப்பட்டு வா. அவள் பக்கத்தில் இரு.

ஆண்டவர் உன்னைக் கரையிலேயே வைத்துக் காப்பாராக.

உன் அத்தான்,
சத்தியநாதன்

பியூலா எழுதுவது: