குதிரைகள் மேய்ந்த விதைவயல்

பனிவரை நாட்டு மன்னர் மறைந்தபின், மகன் வளரும்வரை அரியணை காத்து நிற்கும் அரசி அல்லியங்கோதை, வடகரைக் காவலனும் நானூறு குதிரைகளுக்குத் தலைவனும் தன் உடன்பிறந்த இளையோனுமாகிய வேளெயினனுக்கு விடுக்கும் ஓலை. வடகரையில் மழை பிழையாதிருக்க. ஆறு கரை உடையாதிருக்க. அங்குள்ளோர் பசி அறியாதிருக்க. இவற்றுள் கடைசி வாழ்த்து இவ்வாண்டு பலிக்காது என்பதை அறிந்தே எழுதுவிக்கிறேன்.

நம் கோதுமையைச் செந்துரு நோய் பற்றத் தொடங்கிய காலத்தில், அரண்மனை விளைநிலங்களைப் பார்த்துவந்த காரிநங்கை, மலைச்சரிவில் தானே முளைத்த காட்டுக் கோதுமை மட்டும் துருவின்றி நிற்பதைக் கண்டார். அதன் மணியோ முற்றுமுன் உதிர்வது; உணவுக்கு உதவாதது. ஆகவே நம் கோதுமைப் பூ விரியுமுன் அதன் மகரந்தப் பைகளை ஊசிமுனையால் களைந்து, காட்டுக் கோதுமையின் மகரந்தத்தைத் தூவி, கதிரைத் துணியால் மூடிக் கட்டினார். பிறந்த பயிர்களில் ஒன்று நோய் தாங்கும், மணியை உதிர்க்கும். ஒன்று மணியைக் காக்கும், நோயில் மடியும். பாட்டியின் குணம் தாயிடம் ஒளிந்து பேத்தியிடம் வெளிப்படுவதைக் கண்டு, வேண்டியதை மட்டும் தெரிந்தெடுத்து, மீண்டும் மீண்டும் விதைத்துப் பதினோராண்டு காத்தார். பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு வயல் நிறைய, துரு அண்டாத, மணி உதிராத கோதுமை விளைந்தது. அடுத்த பருவத்தில் ஊர்தோறும் கொடுக்க வேண்டிய விதை அது.

அறுவடைக்கு நான்கு நாள் இருக்கையில் நீ எல்லைப் போரில் வென்று திரும்பினாய். மேய்ச்சல் நிலம் காய்ந்திருந்ததால் குதிரைகளை அந்த விதைவயலுக்கு ஓட்டிவந்தாய். காரிநங்கை வரப்பின்மேல் கைகளை விரித்து மறித்து நின்றார். அவரிடம் நீ, "புல்லுக்குப் போயி இவ்வளவு அழுகையா? அடுத்த வருசம் வேற விதைச்சுக்கோ, போ" என்று சொன்னதைக் கேட்டவர் நாற்பதுபேர் உளர். ஒரே பகலில் வயல் வெறுந்தரையாயிற்று.

அவருடைய முறையீடு எனக்கு வந்தது. வென்று வந்த தம்பியை ஒரு வயலின் பொருட்டுக் கடிந்துகொள்வதா என்று எண்ணி, ஆறுதலாக ஒரு பட்டாடை அனுப்பிவைத்தேன். இதைச் சொல்லி எழுதுவிக்கும்போது என் முகம் எரிகிறது.

அந்தப் பட்டாடையை விரித்து, அதன்மேல் உன் குதிரைகளின் சாணத்தை உலர்த்தினாராம். செரியாமல் கிடந்த மணிகளை விரலால் பொறுக்கி, கழுவி, மறுபடியும் விதைத்தார். குதிரைகள் வழியில் பழைய கோதுமையும் தின்றிருந்தமையால், எது தம் விதை என்பது அவருக்கே தெரியவில்லை. நோய் வந்தால்தான் தெரியும் என்று காத்திருந்தார்.

இவ்வாண்டு நோய் வந்தது. இரு கரையும் சிவந்தன. வயலுக்குள் போனவர் காலெல்லாம் துருப்பொடி, கதிரெல்லாம் பதர். அவர் விதைத்தவற்றில் பதினேழு செடிகள் மட்டும் பச்சையாய் நிற்கின்றன. அவற்றைப் பெருக்கி நாட்டுக்கெல்லாம் கொடுக்க ஐந்தாண்டு ஆகும் என்கிறார். அந்த ஐந்தாண்டும் நம் மக்கள் எதை உண்பார்கள்?

நேரில் சென்று, உன்னை அவர் வயலில் களை பறிக்க அனுப்புவதாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்தும் பாராமல், "அவரு வேண்டாம் தாயி. பயிரு நடுவுல பாத்து நடக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரு போதும்" என்றார். பொறுத்தருளக் கேட்டேன். "தண்ணி கட்டணும்" என்று எழுந்து போய்விட்டார்.

ஆகையால் நம் கட்டளை யாதெனில்: குதிரைகள் அனைத்தையும் கீழைநாட்டாருக்கு அளித்து, ஈடாகத் தானியம் பெற்று, ஊர்தோறும் சேர்ப்பிக்க. நீயும் உடன் நடந்தே செல்க. ஒவ்வோர் ஊர் மன்றத்திலும் நின்று, வரவேண்டிய விதை ஏன் வரவில்லை என்பதை உன் வாயாலேயே சொல்க. பிறரைக் கொண்டு சொல்விக்கலாகாது. வைதால் கேட்டு நிற்க. தென்கரை ஊர்களில் நான் சொல்வேன், நாளை புறப்படுகிறேன்.

ஓலை கண்ட பொழுதே இது நடப்பதாக. முத்திரை இட்டோம், மறுமொழி வேண்டோம்.