கல்லறை வரை போகும் டிராம்

லிஸ்பன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இல்டா அக்காவுக்கு,

நலம். லக்சம்பர்க்கில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன் தோழி இங்கே வருகிறாள், எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ. அலமேதாவில் பச்சைத் தடத்துக்கு மாறச் சொல். மேடுகளுக்கு நல்ல ஷூ வேண்டும். மஞ்சள் டிராமில் மட்டும் ஏற வேண்டாம். காரணத்தை அவளிடம் சொல்லாதே.

போன வெள்ளிக்கிழமைதான் அப்பாவைத் தோண்டி எடுக்கும் நாள். இங்கே குழி சில வருஷத்துக்குத்தானே, அந்தத் தவணை முடிந்துவிட்டது. எலும்புகளைத் துடைத்துச் சின்னப் பெட்டியில் வைத்து, கல்லறைச் சுவரில் உள்ள மாடத்துக்கு மாற்ற வேண்டும். துடைக்கும்போது கூட இருக்க வேண்டும், அம்மாவுக்கு அவ்வளவுதான். வெள்ளைத் துணி ஒன்றை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

கையெழுத்துப் போட நான் முன்னால் போனேன். டாக்சி அனுப்புகிறேன் என்றதற்கு, "நான் என்ன ஊர் சுத்திப் பாக்கவா போறேன்? டிராம்ல வரேன், போ" என்றாள். கடைசி நிறுத்தம் கல்லறைதானே.

முதல் இரண்டு டிராம்கள் சுற்றுலாக்காரர்களால் நிரம்பி, நிற்காமலே போயின. மூன்றாவதில் ஏறினாள். பாதி வழியில் எவனோ காரைத் தண்டவாளத்தின்மேல் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தான். ஓட்டுநர் அடித்த மணிச் சத்தத்துக்கு நடுவே அம்மா போனில் பேசினாள். "எல்லாரும் இறங்கி நின்னு போட்டோ எடுக்குறாங்கடா. நாலு பேரு சேந்து அந்தக் காரை ஓரமாத் தூக்கி வச்சா என்னவாம்?" பிறகு, மெதுவாக: "உங்கப்பாவைக் கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொல்லு."

சொன்னேன். அடுத்த குடும்பம் பூவோடு காத்திருக்கிறது என்றார்கள் கல்லறை ஆட்கள். அந்த முழங்கால் வலியோடு அம்மாவால் மேடேற முடியாது. அவளை அழைத்துவர ஓடினால் அப்பாவோடு யாரும் இல்லை. நின்றேன்.

சவப்பெட்டியைத் திறந்தார்கள். குழி வெட்டுபவர் உள்ளே பார்த்துவிட்டு என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அப்பா கழுத்தில் நீ அனுப்பிய நீல டை. அக்கா, முடிச்சுக்கூட அவிழவில்லை. அதற்குமேல் எழுத வரவில்லை.

"இன்னும் மக்கலை தம்பி. இந்த மண்ணு அப்படி. மூடிடுறோம். ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

அம்மா வந்து சேர்ந்தபோது மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள் என்றேன். சிரித்தாள். "எனக்காக இருந்துட்டாரு, பாத்தியா? கல்யாணத்தன்னிக்கும் நான்தான் லேட்டு." துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். டாக்சியில் திரும்பினோம். உட்கார்ந்துகொண்டே மூச்சு வாங்கினாள். இப்போது தினமும் வாங்குகிறது.

இரண்டு வருஷம் என்று அவளிடம் சொல்லவில்லை. வசந்தத்தில் என்று சொல்லியிருக்கிறேன். போனில் கேட்டால் நீயும் வசந்தம் என்றே சொல். ஆகஸ்டு விடுமுறைக்குக் காத்திருக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உன்னைச் சீக்கிரம் அழைத்து வரட்டும்.

உன் தம்பி,
துவார்த்